பின்னிணைப்பில் கிடக்கும் தமிழ்

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறரைக் குறைசொல்லப் போகிறவன் தன் பங்கை மறைத்துவைப்பது நாகரிகமாகாது.

சில ஆண்டுகளுக்கு முன் முதுநிலைச் செவிலியர் படிப்பில் இருந்த மாணவி ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே அவருடைய ஆய்வேட்டில் சேரவேண்டிய வினாநிரலின் தமிழாக்கம், நோயாளிகளிடம் வாங்கவேண்டிய ஒப்புதல் படிவம், அதற்குக் கீழே ஏற்கெனவே தட்டச்சு செய்யப்பட்ட ஒரு சான்றிதழ். ‘இந்த ஆய்வின் கருவிகள் என்னால் தமிழில் சரிபார்க்கப்பட்டன’ என்பது அதன் சாரம். தமிழாசிரியனாக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற தகுதியில் நான் அதில் கையெழுத்திட வேண்டும். படித்தேன். நான்கு இடங்களில் ஒற்று மிகவில்லை, போட்டேன். ஓரிடத்தில் ஒருமை பன்மை மயக்கம், திருத்தினேன். இருபது நிமிடம் ஆகியிருக்கும். காபி ஆறுவதற்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அந்தப் பெண் காலைத் தொட்டு வணங்கிவிட்டுப் போனார்.

ஆய்வின் பொருள் மனச்சோர்வுற்ற பெண்களுக்கு ‘அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை’யின் பயன். அந்தத் தொடரைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை. முப்பது ஆண்டுகள் இலக்கணம் நடத்தியவனுக்கு உறுத்தவில்லை! ஏன் உறுத்தியிருக்க வேண்டும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் செவிலியர் கல்லூரிகள், உளவியல் துறைகள், சமூகப்பணித் துறைகள் ஆகியவற்றிலிருந்து ஆண்டுதோறும் இந்த வகை ஆய்வேடுகள் குவியல் குவியலாக வெளிவருகின்றன. அவற்றில் பெரும்பகுதி இன்று இணையத்தில் யாரும் இறக்கிப் படிக்கும்படி கிடைக்கிறது. படிப்பவர் யார் என்பது வேறு விஷயம். நான் படித்தேன். பிராயச்சித்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைப் படித்தால் நூறைப் படித்ததுபோல. தலைப்பில் ‘பயனை மதிப்பிடும் ஓர் ஆய்வு’ என்று இருக்கும். சிகிச்சையின் பெயர் மட்டும் மாறும்: எண்ணங்களைத் திருத்தும் சிகிச்சை, தசைத் தளர்வுப் பயிற்சி, மூச்சுப் பயிற்சி, இசை, சிரிப்பு, யோகம். ஆட்கள் மாறுவார்கள்: முதியோர் இல்லத்துப் பாட்டிகள், நீரிழிவு நோயாளிகள், பிளஸ் டூ மாணவர்கள், குடிநோயாளிகளின் மனைவியர். எண்ணிக்கை பெரும்பாலும் அறுபது. முப்பது பேருக்குச் சிகிச்சை, முப்பது பேருக்கு இல்லை. சில ஏடுகளில் அந்த இரண்டாவது முப்பதும் கிடையாது, ஒரே குழுவை முன்னும் பின்னும் அளப்பார்கள். தரவு திரட்ட ஒரு மாதம், மிஞ்சினால் ஆறு வாரம். முடிவு நமக்கு முன்கூட்டியே தெரியும். சிகிச்சை பயனளித்தது, அது தற்செயலல்ல என்று புள்ளியியல் சோதனை உறுதிசெய்தது, செவிலியர்கள் இதை நடைமுறைப்படுத்த வேண்டும்.

நான் வாசித்த ஏடுகளில் ‘பயனளிக்கவில்லை’ என்று முடிந்த ஒன்றை இதுவரை கண்டதில்லை. எந்த மருத்துவமும் இப்படி வென்றதில்லை.

இதற்கு எதிராக நான் எழுதப்போகிறேன் என்று தெரிந்ததும் இலக்கிய நண்பர்கள் இருவர் மகிழ்ந்தார்கள். அவர்களின் மகிழ்ச்சியை முதலில் கெடுத்துவிடுவது நல்லது.

முதலாமவர் கவிஞர். மனதை எண்களால் அளப்பதே அபத்தம் என்பது அவர் தரப்பு. துயரம் என்பது மனித இருப்பின் ஆழம், அதை இருபத்தொரு கேள்விகளில் அடைப்பது மேலைநாட்டு வணிகப் புத்தி என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2021-ஆம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 18,925 பேர் என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு சொல்கிறது. இந்திய மாநிலங்களில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். 2015-16-இல் பன்னிரண்டு மாநிலங்களில் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, மனநலச் சிக்கல் உள்ளவர்களில் நூற்றுக்கு எழுபது முதல் தொண்ணூற்றிரண்டு பேர்வரை சிகிச்சையே பெறவில்லை என்று கண்டது. அந்தப் பன்னிரண்டில் தமிழ்நாடும் ஒன்று. துயரத்தின் ஆழத்தைப் பற்றிக் கவிதை எழுதுகிறவருக்கு அதிலிருந்து மேலே வருவதற்கான வழியும் பெரும்பாலும் கையில் இருக்கும். தீப்பெட்டி ஒட்டும் பெண்ணுக்கு அந்த வழி இல்லை. அவளுக்கு ஆறு வாரத்தில் தூக்கம் திரும்பியதா இல்லையா என்பதை எண்ணிப் பார்ப்பதை நான் அபத்தம் என்று சொல்லமாட்டேன்.

இரண்டாமவர் பேராசிரியர். எண்ணத்தைத் திருத்தினால் துன்பம் குறையும் என்பதை வள்ளுவரும் சித்தர்களும் அன்றே சொல்லிவிட்டார்கள், இதில் ஆய்வதற்கு என்ன இருக்கிறது என்றார். இதே பாணியில் கிரேக்கர்களும் பேசலாம். நியூயார்க்கில் பகுத்தறிவு சார்ந்த சிகிச்சையை 1950-களில் உருவாக்கிய ஆல்பர்ட் எல்லிஸ், தன் கருத்துக்கு மூலம் எபிக்டெட்டஸ் என்ற பழைய அடிமைத் தத்துவவாதிதான் என்று வெளிப்படையாகவே எழுதினார். ஆனால் அதோடு அவர் நிற்கவில்லை. முன்னோர் சொன்னது ஒன்று. அதைத் துன்பத்தில் இருக்கும் ஒருவருக்கு, இன்ன முறையில், இத்தனை அமர்வுகளில் கொடுத்தால் உண்மையில் குறைகிறதா என்று பார்ப்பது முற்றிலும் வேறொன்று. சூரியன் உதிக்கும் என்று பாடிய புலவனுக்கு வானியல் தெரியும் என்று வாதிடுவதைப் போன்றது பேராசிரியரின் பேச்சு. வள்ளுவரைக் காப்பாற்ற வேண்டியது இப்படிப்பட்ட அன்பர்களிடமிருந்துதான்.

ஆகவே என் வாதம் இந்தச் சிகிச்சைக்கு எதிரானது அல்ல. மாணவர்கள் ஆய்வு செய்யக்கூடாது என்பதும் அல்ல. அதற்கு நேர்மாறானது. நடத்தைச் சிகிச்சையின் வரலாறு பெருமளவு மாணவர்கள் எழுதியது. இது நம் கல்லூரிகளில் சொல்லித்தரப்படுகிறதா என்று அறிய ஆவல்.

1920-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் வாட்சனும் அவருடைய மாணவி ரோசலி ரேய்னரும் ‘ஆல்பர்ட்’ என்று அவர்கள் அழைத்த ஒரு கைக்குழந்தைக்கு அச்சத்தைக் கற்பித்தார்கள். குழந்தை வெள்ளெலியைத் தொடும்போதெல்லாம் பின்னாலிருந்து இரும்புச் சட்டத்தைச் சுத்தியலால் அடித்துப் பேரொலி எழுப்பினார்கள். சில முறைக்குப் பிறகு எலியைப் பார்த்தாலே குழந்தை அழுதது. அச்சம் கற்றுக்கொள்ளப்படுவது என்று நிரூபித்தாயிற்று. கற்பித்த அச்சத்தை அவர்கள் நீக்கவில்லை. குழந்தை போய்விட்டது.

ரேய்னரின் கல்லூரித் தோழி மேரி கவர் ஜோன்ஸ். அவரும் அப்போது மாணவிதான். கற்றுக்கொண்ட அச்சத்தை மறக்கச் செய்ய முடியாதா என்பது அவருடைய கேள்வி. மூன்று வயது நிறையாத பீட்டர் என்ற சிறுவனுக்கு முயலைக் கண்டால் பயம். முயல் மட்டுமல்ல, கம்பளிச் சட்டை, இறகு, பஞ்சு எல்லாவற்றுக்கும் பயம். அவன் விரும்பிய தின்பண்டத்தைக் கொடுத்துக்கொண்டே, கூண்டிலிருந்த முயலை அறையின் தொலைவிலிருந்து நாளுக்கு நாள் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்தார். கடைசியில் பீட்டர் முயலைத் தடவிக்கொடுத்தான். 1924-இல் இதை வெளியிட்டார். பின்னாளில் ஜோசப் வோல்ப் இவரை நடத்தைச் சிகிச்சையின் தாய் என்று அழைத்தார். தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ரான்ட் பல்கலைக்கழகத்தில் வோல்ப் 1948-இல் அளித்த பட்ட ஆய்வேடும் இதே பாதையில் சென்றதுதான். அவருடையவை பூனைகள்.

பீட்டரின் கதையில் நான் வாசகர்களை நிறுத்த விரும்பும் இடம் வேறு. பாதியில் அவனுக்குச் செங்காய்ச்சல் வந்து இரண்டு மாதம் மருத்துவமனையில் கிடந்தான். அங்கிருந்து திரும்புகையில், வாடகைக் காரில் ஏறும் நேரத்தில் ஒரு பெரிய நாய் பாய்ந்து அவனையும் உடனிருந்த செவிலியையும் மிரட்டிவிட்டது. அதுவரை குறைந்திருந்த அச்சம் முழுவதும் பழையபடி திரும்பியது. ஜோன்ஸ் இதை மறைக்கவில்லை. காய்ச்சல், நாய், சறுக்கல், மறுபடி முதலிலிருந்து தொடங்கியது என எல்லாவற்றையும் எழுதினார். ஒரே ஒரு குழந்தையை வைத்து ஒரு மாணவி எழுதிய சில பக்கங்கள் நூறாண்டு கடந்தும் பேசப்படுகின்றன என்றால் அதில் நாய் இருப்பதும் ஒரு காரணம். நம் ஏடுகளில் நாய் வருவதே இல்லை. அறுபது பேரும் எல்லா அமர்வுக்கும் வருகிறார்கள். யாருக்கும் காய்ச்சல் கிடையாது. யாருக்கும் கூலிவேலை கிடையாது. பஸ் தவறுவதில்லை.

எண்ணிக்கை சிறியது என்பதும் என் குறையல்ல. பிலடெல்ஃபியாவில் மனப்பகுப்பாய்வில் பயின்று, பின் அதிலிருந்து விலகிய ஆரன் பெக், மனச்சோர்வுற்றவர்களின் மனதில் தாமாகவே எழும் எண்ணங்களைக் கவனித்து இந்தச் சிகிச்சையை வகுத்தார் என்பது பலருக்கும் தெரிந்திருக்கும். 2021-இல் நூறு வயதில் மறைந்தார். அவருடைய முறையை முதன்முதலாக மாத்திரையோடு நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்த ஆய்வு 1977-இல் வந்தது. அதில் இருந்தவர்கள் 41 பேர். நம்முடைய அறுபதைவிடக் குறைவு. ஆனால் எதிரே நின்றது ‘ஒன்றும் கொடுக்கப்படாத குழு’ அல்ல. இமிப்ரமின் என்ற, அந்நாளில் நிலைபெற்றிருந்த மருந்து. யாருக்கு எது என்பதை ஆய்வாளர் தேர்ந்தெடுக்கவில்லை, திருவுளச்சீட்டு தேர்ந்தெடுத்தது. பன்னிரண்டு வாரம், இருபது அமர்வுகள்வரை. தோற்கக்கூடிய ஓர் ஆட்டத்தை ஆடினார்கள். அந்தக் கட்டுரையில் பெக்கோடு பெயர் சேர்ந்தவர்களும் அந்தக் காலத்தில் பயிற்சி நிலையிலோ அதை ஒட்டியோ இருந்த இளைஞர்களே.

நம் ஏடுகள் தோற்க முடியாத ஆட்டத்தை ஆடுகின்றன. இதைப் புரிந்துகொள்ளப் புள்ளியியல் தேவையில்லை. ஒருவர் மிகவும் மோசமாக இருக்கும் நாளில்தான் மருத்துவமனைக்கு வருகிறார். அன்று அவரை அளக்கிறீர்கள். ஒரு மாதம் கழித்து அளந்தால், நீங்கள் ஒன்றுமே செய்யாவிட்டாலும் பலருக்குக் குறைந்திருக்கும். கடும் காய்ச்சலன்று தாயத்துக் கட்டியவன் மறுவாரம் தாயத்தைப் புகழ்வது இதனால்தான். அடுத்து, சிகிச்சை தந்தவரும் அந்த மாணவியே, கேள்வித்தாளை வாசித்துக் காட்டி விடையைக் குறிப்பவரும் அவரே. பதினைந்து நாள் பக்கத்தில் உட்கார்ந்து ‘சாப்பிட்டீங்களாம்மா’ என்று கேட்ட பெண், கடைசி நாளன்று ‘இப்ப பரவாயில்லையா’ என்று கேட்டால் நம் ஊர் மனுஷி என்ன சொல்வாள்? அந்தப் பிள்ளை நல்லா பாஸாகணும் என்று நினைப்பாள். ‘எவ்வளவோ தேவலை கண்ணு’ என்பாள். அந்த அன்பு அட்டவணையில் ஏறிச் சிகிச்சையின் பயனாகிவிடுகிறது.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன்.

பட்டம் கிடைத்ததும் அந்த மாணவி இனிப்போடு வந்தார். பேச்சுவாக்கில், ‘ஐயா, ஒரு வேடிக்கை நடந்துச்சு’ என்று தொடங்கினார். வார்டில் நாற்பது வயதுப் பெண் ஒருவர். தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எந்நேரமும் அழுகை. ஆய்வுக்குப் பொருத்தமானவர். ஒப்புதல் படிவத்தை மாணவி வாசித்திருக்கிறார்: ‘உங்களுக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை அளிக்கப்படும்.’ பக்கத்தில் மாமியார் நின்றுகொண்டிருந்திருக்கிறார். அந்தப் பெண் படிவத்தையும் மாமியாரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்: ‘என் நடத்தையில என்ன குறையக் கண்ட தாயி? யாரு வந்து சொன்னா ஒங்கிட்ட?’

மாணவி எவ்வளவோ விளக்கியும் அவர் கேட்கவில்லை. அன்று மாலையே டிஸ்சார்ஜ் கேட்டுப் போய்விட்டார். ‘அப்புறம் வேற ஒருத்தரைச் சேர்த்துக்கிட்டேன்யா’ என்றார் மாணவி.

எனக்கு இனிப்பு தொண்டையில் இறங்கவில்லை. நடத்தை! ஒரு பெண்ணைப் பற்றி ‘நடத்தை’ என்று சொல்லெடுத்தால் நம் தெருக்களில் அதற்கு ஒரே பொருள்தான். நடத்தை சரியில்லாதவள், நடத்தை கெட்டவள். நீதிமன்றத்திலும் பஞ்சாயத்திலும் ஒரு பெண்ணைத் தள்ளிவைக்கப் பயன்படும் சொல் அது. அதற்கு முன்னால் ‘அறிவாற்றல்’ வேறு. அறிவும் சரியில்லை, நடத்தையும் சரியில்லை, இரண்டுக்கும் வைத்தியம் செய்கிறோம் என்று மாமியார் முன்னிலையில் ஒரு நோயாளியிடம் அரசு முத்திரை போன்ற ஒரு தாளில் எழுதி வாசித்திருக்கிறோம். அந்தத் தாளில்தான் நான் நான்கு ஒற்றுகளைப் போட்டிருந்தேன். ‘நடத்தைச் சிகிச்சை’யில் ச் மிகும் என்று திருத்தியதும் நானே.

அந்தப் பெண் ஆய்வேட்டில் எங்கும் இல்லை. விலகியவர்கள் என்ற பட்டியலில்கூட இல்லை. அங்கே அறுபதுக்கு அறுபது. ஜோன்ஸாக இருந்திருந்தால் அந்த ஆய்வேட்டின் மிக முக்கியமான பக்கம் இதுவாகவே இருந்திருக்கும்.

இது ஒரு சொல்லின் சிக்கல் அல்ல. நாளிதழ்களில் ‘மன அழுத்தம்’ என்ற சொல் எத்தனை வேலை செய்கிறது பாருங்கள். தேர்வுக்குப் பயப்படும் மாணவனுக்கும் மன அழுத்தம், மேலாளர் திட்டிய ஊழியனுக்கும் மன அழுத்தம், மாதக்கணக்கில் படுக்கையைவிட்டு எழமுடியாதவருக்கும் மன அழுத்தம். பாடநூல்கள் பின்னதை மனச்சோர்வு என்கின்றன. சரி, வார்டில் இருப்பவர் எதைச் சொல்கிறார்? ‘மனசே சரியில்ல’, ‘வெறுத்துப்போச்சு’, ‘நெஞ்சு படபடங்குது’, ‘ஒரே ரோசனையா இருக்கு’, ‘ஏக்கம் புடிச்சிருச்சு’. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் அவருடைய சகாக்களும் மக்கள் வாயிலிருந்து வந்த இத்தகைய வழக்குகளைக் கவனித்துப் பதிவு செய்தார்கள். பெருமூச்சு அதில் ஒன்று. ‘மனவடு’ என்ற அழகான சொல் அங்கே வேரூன்றியது. சொல்லைக் கேட்டவுடன் பொருள் உள்ளே இறங்குகிறது அல்லவா? அங்கே மருத்துவத்தின் தமிழ் பின்னிணைப்பில் கிடக்கவில்லை.

நம் ஏடுகளில் தமிழ் இருக்கும் இடத்தைக் கவனியுங்கள். முன்னுரை, கோட்பாடு, அட்டவணை, விவாதம் எல்லாம் ஆங்கிலம். கடைசியில் கருவிகள் என்ற தலைப்பின் கீழ், சான்றிதழ்களுக்கும் புகைப்படங்களுக்கும் நடுவே, சிறிய எழுத்தில் தமிழ். ஆனால் சிகிச்சை நடந்தது அந்தத் தமிழில்தான். இந்தச் சிகிச்சையில் ஊசி இல்லை, மாத்திரை இல்லை, பேச்சே மருந்து. மருந்தைப் பின்னிணைப்பில் போட்டுவிட்டு, மருந்துச்சீட்டின் மீது மட்டும் ஆய்வு நடத்துகிறோம். மருந்தின் தரத்துக்குச் சான்று தமிழாசிரியனின் இருபது நிமிடம்.

வேறுவழி இல்லையா என்பவர்களுக்கு இரண்டு உதாரணங்கள் தருகிறேன். இரண்டும் நம்மைவிட வசதி குறைந்த இடங்களிலிருந்து.

ஜிம்பாப்வேயின் தலைநகர் ஹராரேயில் 1990-களில் விக்ரம் படேலும் உள்ளூர் ஆய்வாளர்களும் ஐரோப்பிய வினாநிரலை மொழிபெயர்ப்பதோடு நிற்கவில்லை. ஷோனா மொழி பேசும் மக்களிடமும் நோயாளிகளிடமும் தங்கள் துன்பத்தை எந்தச் சொற்களால் சொல்கிறார்கள் என்று கேட்டுத் திரட்டினார்கள். அதிலிருந்து 14 கேள்விகள் கொண்ட ஒரு கருவி பிறந்தது. 1997-இல் வெளியானது. ஷோனாவில் ‘குஃபுங்கிசிசா’ என்றொரு சொல் உண்டு. அளவுமீறி யோசிப்பது என்று பொருள். நம்முடைய ‘ஒரே ரோசனை’யேதான்! ‘யோசிச்சு யோசிச்சே படுத்துட்டா’ என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, அது. அந்தச் சொல்லை நோயின் பெயராகவே ஏற்றுக்கொண்டு, டிக்சன் சிபாண்டாவின் குழு சுகாதார நிலையங்களின் வாசலில் ஒரு மரப்பெஞ்சைப் போட்டது. அதில் உட்கார்ந்து கேட்டவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பாட்டிகள். சிக்கலைப் பிரித்து, ஒன்றைத் தேர்ந்து, அதற்கு வழி காணும் ஒரு சிகிச்சை, ஆறு அமர்வுகள். அதன் படிகளுக்கும் ஷோனாவிலேயே பெயர்: மனதைத் திறத்தல், உயர்த்துதல், வலுவூட்டுதல். 2016-இல் வெளியான ஆய்வில் 24 சுகாதார நிலையங்கள், 573 பேர். ஆறு மாதம் கழித்து அந்த 14 கேள்விக் கருவியில் பெஞ்சில் உட்கார்ந்தவர்களின் சராசரி 3.81, வழக்கமான கவனிப்பைப் பெற்றவர்களுக்கு 8.90. ஆறு மாதம் கழித்து என்பதை அடிக்கோடிட்டு வாசிக்கவும்.

பாகிஸ்தானின் ராவல்பிண்டி மாவட்டக் கிராமங்களில் அதீஃப் ரஹ்மானின் குழு 903 தாய்மாரிடம் நடத்திய ஆய்வு 2008-இல் வந்தது. மனச்சோர்வுற்ற கர்ப்பிணிகளிடம் பேசியவர்கள் ஊர்ச் சுகாதாரப் பணிப்பெண்கள், பள்ளிப்படிப்பு மட்டுமே உள்ளவர்கள். ‘உனக்கு மனநோய்’ என்று அவர்கள் வாசலில் போய்ச் சொல்லவில்லை. பிள்ளை நன்றாக வளரவேண்டும், அதற்குத் தாய் நன்றாக இருக்கவேண்டும் என்று தொடங்கினார்கள். பிள்ளைக்காக என்றால் எந்த மாமியார் தடுப்பாள்? உள்ளே நடந்ததெல்லாம் முறையான எண்ண-நடத்தைச் சிகிச்சைதான். ஆறு மாதத்தில் சிகிச்சை பெற்றவர்களில் 23 சதவீதம் பேரிடமும் மற்றவர்களில் 53 சதவீதம் பேரிடமும் மனச்சோர்வு எஞ்சியிருந்தது. அதே நாட்டுக்காரரான ஃபாரூக் நயீம், இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் தம் முனைவர் பட்ட ஆய்வையே இந்தச் சிகிச்சையைப் பாகிஸ்தானியருக்கு ஏற்ப மாற்றுவது எப்படி என்ற கேள்விமேல் நடத்தினார். இந்தச் சிகிச்சையின் அடிப்படைகள் உங்கள் குடும்பத்தோடும் சமயத்தோடும் முரண்படுகின்றனவா என்று பல்கலைக்கழக மாணவர்களிடமே கேட்டுப் பார்த்தார்கள். ஆங்கிலக் கலைச்சொற்களைச் சொல்லுக்குச் சொல் உருதுவாக்கினால் ஆகாது, ஈடான வழக்கைத் தேடவேண்டும் என்பது அவர்கள் வந்தடைந்த இடம். மாணவர் ஆய்வு என்றால் இது. சிகிச்சையை நடத்துவதற்கு முன்னால் அதை மொழிக்குள் கொண்டுவருவதே ஒரு முழு ஆய்வு என்பதை உணர்ந்த ஆய்வு.

தமிழில் யாருமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டறியும் எடின்பரோ வினாநிரலின் தமிழ் வடிவத்தை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர் முறையாகச் சோதித்து 2005-இல் வெளியிட்டார்கள். கேள்வித்தாள் சொன்னதையும், மருத்துவர் நேரில் கண்டதையும் ஒப்பிட்டுப் பார்த்து, தமிழில் எந்த மதிப்பெண்ணுக்கு மேல் கவலைப்பட வேண்டும் என்று தீர்மானித்தார்கள். இப்படிப்பட்ட வேலை நடந்த மண்ணில்தான் நான் ஒற்றுப் போட்டுக்கொண்டிருந்தேன் என்பது மேலும் கூச வைக்கிறது.

‘நீங்கள் இவ்வளவு கோபப்பட இதில் என்ன இருக்கிறது, பட்டம் வாங்கப் பிள்ளைகள் ஏதோ எழுதுகிறார்கள், யார் படிக்கப்போகிறார்கள்’ என்று கேட்கலாம். யாரும் படிக்கமாட்டார்கள் என்பதே ஒரு நியாயமாகிவிட்ட இடத்தில் அறம் செத்துவிட்டது என்பது ஒருபுறம். இன்னொன்று, படிக்கிறார்கள். உலகெங்கும் ஆய்வுகளைத் தொகுத்துச் சராசரி காணும் பேராய்வுகள் வருகின்றன. 1977-இல் மேரி லீ ஸ்மித்தும் ஜீன் கிளாஸும் உளச்சிகிச்சைகளைப் பற்றிய 375 ஆய்வுகளை முதன்முறையாக இப்படித் தொகுத்தபோது, அதில் மாணவர்களின் ஆய்வேடுகளும் இருந்தன. வெளியாகாமல் கிடப்பவை எந்தப் பக்கம் சாய்க்கும் என்பதும் இன்று தெரிந்த விஷயம். நெதர்லாந்தின் பிம் கைபர்ஸ் குழு 2010-இல் மனச்சோர்வுக்கான உளச்சிகிச்சை ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்தபோது பயனின் அளவு 0.67. வெளிவராமல் போயிருக்கக்கூடியவற்றுக்கு ஈடுசெய்து பார்த்தபோது 0.42. அமெரிக்க அரசின் நல்கை பெற்றுத் தொடங்கப்பட்ட 55 ஆய்வுகளைத் தேடிப்போன இன்னொரு குழு, அவற்றில் 13 வெளியாகவே இல்லை என்று 2015-இல் எழுதியது. பயன் இல்லாமல் போய்விடவில்லை, ஆனால் சுருங்கிவிட்டது. அங்கே தோல்விகள் இழுப்பறைக்குள் போயின. இங்கே தோல்விகள் எழுதப்படுவதே இல்லை. இழுப்பறையையாவது ஒருநாள் திறக்கலாம்.

மாணவர்களைத் திட்டுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. பகலில் வார்டு, இரவில் விடுதி, தலைக்குமேல் கட்டணம். ‘முடிவு எதிர்மறையாக வந்தால் வாய்மொழித் தேர்வில் கேள்வி கேட்பார்கள்’ என்று அவர்களுக்குச் சொல்லப்படுகிறது. சொல்கிறவர்கள் வழிகாட்டிகள். அந்த வழிகாட்டிகளும் இதே அறுபதில் பட்டம் பெற்றவர்கள். அறுபது, முப்பது, ஆறு வாரம் என்ற இந்தச் சடங்கை மாற்றும் அதிகாரம் இவர்களிடமும் பல்கலைக்கழகங்களிடமும் இருக்கிறது. ஒரு வகுப்பில் இருபது பேர் தனித்தனியாக இருபது சிறிய சிகிச்சைகளைச் சோதிப்பதற்குப் பதில், இருபது பேரும் சேர்ந்து ஒரே கேள்வியை ஒழுங்காகக் கேட்கலாமே? ஒருவர் சிகிச்சை தரட்டும், யார் எந்தக் குழு என்று அறியாத இன்னொருவர் அளக்கட்டும். ஒரு மாணவி சிகிச்சையே செய்யாமல், ஒரு வார்டில் மூன்று மாதம் உட்கார்ந்து, பெண்கள் தங்கள் துயரத்தை எந்தச் சொற்களால் சொன்னார்கள் என்று மட்டும் எழுதிக்கொண்டு வரட்டும். திருநெல்வேலியில் ஒரு சொல், கொங்குநாட்டில் ஒரு சொல், நாகையில் வேறு. அந்த ஏட்டுக்குப் பட்டம் கொடுக்க எந்த விதி தடுக்கிறது?

எழுதுகிறவர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. கலைச்சொல்லாக்கம் என்றால் கணினிக்கும் இயற்பியலுக்கும் மட்டும் என்று இருந்துவிட்டோம். வட்டார வழக்கில் நாவல் எழுதி விருது வாங்குகிறோம். அந்த வட்டாரத்துப் பெண் ஆஸ்பத்திரியில் எந்தத் தமிழில் விசாரிக்கப்படுகிறாள் என்று எட்டிப் பார்த்ததில்லை. தூய தமிழில் இருந்துவிட்டால் போதும், அது சரியான தமிழ் என்பது நம் நெடுநாள் மயக்கம். ‘நடத்தை’ தூய சொல். அதில் எந்தப் பிழையும் இல்லை.

சென்ற ஆண்டு வேறொரு மாணவி வந்தார். அதே போன்ற பிளாஸ்டிக் உறை, அதே சான்றிதழ், என் பெயருக்கு இடம்விட்டுத் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. இம்முறை நான் கையெழுத்திடவில்லை. ‘இதை வார்டில் ஐந்து பேரிடம் வாசித்துக் காட்டுங்கள் அம்மா. ஒவ்வொரு கேள்விக்கும் அவர்கள் என்ன புரிந்துகொண்டார்கள் என்று அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். பிறகு இருவரும் உட்கார்ந்து திருத்துவோம்’ என்றேன். முகம் வாடிவிட்டது. வெள்ளிக்கிழமை தாள்களைச் சமர்ப்பிக்க வேண்டும், மேடம் கோபிப்பார்கள் என்றார். ‘நடத்தை’யை மட்டுமாவது எடுத்துவிடலாமே என்று கெஞ்சினேன். ‘அது தலைப்பில் இருக்குதுங்க ஐயா, கமிட்டியில் பாஸான தலைப்பு, மாத்த முடியாது’ என்றார்.

அன்று மாலையே அடுத்த தெருவில் இருக்கும் இன்னொரு ஓய்வுபெற்ற ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டதாக அறிந்தேன். அவர் ஒற்றுப்பிழைகளை நன்றாகப் பார்ப்பவர்.